எந்தக் கடிகாரத்தைக் கேட்பது?

பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிய நிரல் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று அறிய, பழகத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் ஒரே வழியைத்தான் பிடிக்கிறார்கள். தொடக்கத்தில் நேரத்தைக் கேட்கும் டைம்.டைம் என்ற கட்டளை ஒன்று, கடைசியில் இன்னொரு டைம்.டைம், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து வந்த எண்ணைத் திரையில் காட்டுவது. மலேசியாவின் ஊத்தான் மெலிந்தாங்கில் சனிக்கிழமைகளில் நான் நடத்தும் வகுப்புக்கு வரும் பிள்ளைகளும் இதைக் கற்றுக்கொண்டுதான் வருகிறார்கள். முதல் மாதத்திலேயே இந்தப் பழக்கத்தை மாற்றிவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன். ஏன் என்று வகுப்பில் அரை மணி நேரத்தில் சொல்லி முடிப்பதை இங்கே விரிவாக எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. பெர்ணம் ஆற்றை ஒட்டிய சிறிய பட்டணம் இது. எந்தப் பக்கம் போனாலும் செம்பனைத் தோட்டம். பிள்ளைகளில் பலர் தோட்டத்திலோ எண்ணெய் ஆலையிலோ வேலை செய்கிறவர்களின் மக்கள். அவர்கள் கொண்டுவரும் மடிக்கணினிகள் அண்ணனோ மாமாவோ பயன்படுத்தி முடித்தவை, அல்லது தெலுக் இந்தானில் சில நூறு வெள்ளிக்கு வாங்கியவை. வகுப்பு அறையில் இருக்கும் இரண்டு மேசைக் கணினிகளும் பழையவைதான். பழைய கணினிகளின் தாய்ப்பலகையில் காசு வடிவில் ஒரு சிறு பேட்டரி இருக்கும். அது தீர்ந்துவிட்டால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு மீண்டும் போடும்போது கணினி ஏதோ ஒரு பழைய தேதியில் எழுந்திருக்கும். இணையம் கிடைத்ததும் இயங்குதளம் சரியான நேரத்தைக் கேட்டு வாங்கி, கடிகாரத்தை ஒரே தாவலில் இன்றைய தேதிக்குக் கொண்டுவரும். அந்தத் தாவல் நடக்கும் நேரத்தில் ஒரு மாணவரின் நிரல் டைம்.டைமை நம்பி ஓடிக்கொண்டிருந்தால், ஒரு சிறிய கூட்டல் கணக்குக்குப் பல ஆண்டுகள் ஆனதாக விடை வரும். கடிகாரம் முந்திக்கொண்டு ஓடிக்கொண்டிருந்து பின்னால் இழுக்கப்பட்டால், தொடங்குவதற்கு முன்பே வேலை முடிந்துவிட்டதாக வரும்.

டைம்.டைம் தருவது சுவர்க்கடிகார நேரம். 1970 ஜனவரி 1 முதல் உலகப் பொது நேரப்படி எத்தனை விநாடிகள் கடந்தன என்பதே அந்த எண். ‘இப்போது மணி என்ன’ என்ற கேள்விக்கு அது சரியான விடை. ‘இதற்கு எவ்வளவு நேரம் ஆனது’ என்பது வேறு கேள்வி. சுவர்க்கடிகாரத்தைப் பிறர் திருத்தலாம், திருத்தத்தான் வேண்டும். நேரத்தை அளக்கும் கடிகாரத்தை இடையில் யாரும் தொடக்கூடாது.

மலேசியாவில் இருப்பவர்களுக்கு இந்த வேறுபாட்டைப் புரியவைக்க நாட்டின் சொந்த வரலாறே போதும். தீபகற்ப மலேசியாவின் நேரம் முன்பு உலகப் பொது நேரத்தைவிட ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தது. ஜப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, தோக்கியோ நேரமே இங்கும் நேரம். கடிகாரம் ஒன்பது மணி நேரம் முன்னால் போயிற்று. சூரியன் எப்போதும்போல உதித்தது, மணி மட்டும் ஒன்றரை மணி நேரம் கூடுதலாகக் காட்டியது. போருக்குப் பின் ஏழரைக்கே திரும்பினோம். பிறகு 1981 டிசம்பர் 31 இரவு 11.30-க்கு, சபா சரவாக்கோடு ஒரே நேரமாக வேண்டும் என்பதற்காகக் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னால் தள்ளப்பட்டன. 11.30 நேராக நள்ளிரவு 12 ஆயிற்று. அன்றிலிருந்து எட்டு மணி நேர வித்தியாசம்.

அன்றிரவு ஓர் ஆலை வாசலில் 11 மணி முதல் 1 மணி வரை ஒரு ஜாகா காவல் நின்றிருந்தால் அவர் நின்றது எவ்வளவு நேரம்? கடிகாரத்தைப் பார்த்துக் கழித்தால் இரண்டு மணி நேரம். கால் கடுக்க நின்றது ஒன்றரை மணி நேரம். இதை வகுப்பில் பைத்தானிலேயே செய்து பார்க்கிறோம். 3.9 பதிப்பிலிருந்து உள்ளே இருக்கும் ஸோன்இன்ஃபோ என்ற நேர மண்டலத் தொகுப்பில் கோலாலம்பூர் நேர மண்டலத்தை எடுத்து, அந்த இரண்டு நேரங்களையும் உருவாக்கிக் கழிக்கச் சொல்கிறேன். விடை இரண்டு மணி நேரம் என்றே வரும்! இரண்டு நேரங்களும் ஒரே மண்டலத்தைச் சேர்ந்தவையாக இருந்தால் பைத்தான் மண்டலத்தைக் கண்டுகொள்ளாமல் கடிகார எண்களை மட்டும் கழிக்கிறது. ஆவணத்தில் அப்படித்தான் விதித்திருக்கிறார்கள். இரண்டையும் முதலில் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழித்தால் ஒன்றரை மணி நேரம் வருகிறது. இப்போதைய தேதியையும் மணியையும் தரும் டேட்டைம்.நவ் என்பதை எழுதி நிரலின் நேரத்தை அளக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல எச்சரிக்கை எனக்குத் தெரியவில்லை. டைம்.டைம் உலகப் பொது நேரத்தையே எண்ணுவதால் மண்டல மாற்றம் அதைப் பாதிக்காது. ஆனால் கடிகாரத்தைத் திருத்தினால் இரண்டுமே பிழையாகும்.

பெரிய நிறுவனங்களும் இதில் அடிபட்டிருக்கின்றன. 2016-ஆம் ஆண்டின் கடைசியில் பூமியின் சுழற்சியோடு பொருந்துவதற்காக உலக நேரத்தில் ஒரு கூடுதல் விநாடி, அதாவது லீப் விநாடி, சேர்க்கப்பட்டது. நமக்கு அப்போது 2017 ஜனவரி 1 காலை 8 மணி. இணையதளங்களுக்குச் சேவை தரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின், இணையப் பெயர்களை முகவரிகளாக்கும் டிஎன்எஸ் சேவையில் ஒரு பகுதி அந்த நேரத்தில் தடுமாறியது. அதன் நிரல் கோ மொழியில் எழுதப்பட்டது. பின்னால் வந்த நேரத்திலிருந்து முன்னால் வந்த நேரத்தைக் கழித்தால் விடை பூஜ்யத்துக்குக் கீழே போகாது என்ற நம்பிக்கை அந்த நிரலுக்குள் இருந்தது. அந்தக் கூடுதல் விநாடிக்காகக் கடிகாரம் பின்வாங்கியதும் விடை கீழே போயிற்று, நிரல் நின்றது. 2017 ஆகஸ்டில் வெளிவந்த கோ 1.9, பின்வாங்காத கடிகாரத்தின் அளவையும் ஒவ்வொரு நேர மதிப்போடும் சேர்த்து வைத்துக்கொள்ளத் தொடங்கியது.

பைத்தானில் அந்த ஏற்பாடு 2012-இல், 3.3 பதிப்பிலேயே வந்துவிட்டது. விக்டர் ஸ்டின்னர் முதலானோர் எழுதிய பெப் 418 என்ற முன்மொழிவுதான் காரணம். பின்வாங்காத கடிகாரமாக மோனோடோனிக், குறுகிய நேரங்களைக் கூர்மையாக அளக்க பெர்ஃப்_கவுண்டர், பிராசஸர் உழைத்த நேரத்தை மட்டும் எண்ண பிராசஸ்_டைம் என மூன்றும் அப்போது சேர்ந்தன. அதற்கு முன் டைம்.கிளாக் என்று ஒன்று இருந்தது. யூனிக்ஸ் கணினியில் அது பிராசஸர் உழைத்த நேரத்தைச் சொன்னது; விண்டோஸில் கடந்துபோன நேரத்தைச் சொன்னது. ஒரே வரி, இரண்டு கணினிகளில் இரண்டு பொருள். 3.3-இலேயே அதைக் கைவிடும்படி அறிவித்து, 2019-இல் 3.8 பதிப்பில் நீக்கிவிட்டார்கள். பழைய பாடநூல்களைப் படித்துவிட்டு வரும் மாணவர்கள் இன்றும் அதைத் தட்டெழுதிப் பார்த்துப் பிழைச்செய்தி வாங்குகிறார்கள்.

பெர்ஃப்_கவுண்டர் தரும் எண்ணுக்குத் தனியாக எந்தப் பொருளும் கிடையாது. எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறது என்பதற்கு உறுதி இல்லை. ஒரே கணினியில் எடுத்த இரண்டு அளவுகளின் வித்தியாசமே பொருளுள்ளது. பிள்ளைகளுக்கு இது முதலில் பிடிப்பதில்லை. மணி சொல்லத் தெரியாத கடிகாரம் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. தேதியும் மணியும் சொல்லும் பொறுப்பு இல்லாததால்தான் யாரும் அதைத் திருத்த வேண்டிய தேவையும் வருவதில்லை. இன்னொரு விவரமும் உண்டு. லினக்ஸில் மடிக்கணினியை மூடி உறங்க வைத்தால் அந்த நேரத்தை இந்தக் கடிகாரம் கணக்கில் சேர்க்காது. நீண்ட வேலையை ஓடவிட்டு மூடியைச் சாத்திவிட்டுப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கூர்மை என்பதையும் எண்களில் பார்த்துவிடலாம். விண்டோஸில் டைம்.டைம் நெடுங்காலம் சுமார் 15.6 மில்லிவிநாடிக்கு ஒரு முறைதான் நகர்ந்தது. அதற்குள் முடிந்துபோகும் வேலைக்குப் பூஜ்யம் என்றே விடை வரும். 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில்தான் அது ஒரு மைக்ரோவிநாடிக்கு இறங்கியது. எங்கள் பழைய கணினிகளில் பலவற்றில் அந்தப் பதிப்பு இன்னும் இல்லை. இயங்குதளம் எவ்வளவு கூர்மையாகச் சொன்னாலும் இன்னொரு தடை இருக்கிறது. டைம்.டைம் தருவது தசம எண். அதற்கு 53 பிட் அளவுக்குத்தான் துல்லியம். 1970-இலிருந்து 170 கோடிக்கும் மேற்பட்ட விநாடிகள் கடந்துவிட்டதால், அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளுக்கு இடையே சுமார் 238 நானோவிநாடி இடைவெளி விழுகிறது. அதற்குக் கீழே உள்ளதை அந்த எண்ணால் சொல்லவே முடியாது. 2018-இல் 3.7 பதிப்பில் வந்த பெர்ஃப்_கவுண்டர்_என்எஸ் நானோவிநாடிகளை முழு எண்ணாகத் தருவது இதற்காகத்தான். சிறிய எண்களில் தொடங்கும் கடிகாரமாக இருந்தாலும், தசம எண்ணில் 104 நாட்களுக்கு மேல் போனால் நானோவிநாடி தவறிவிடும் என்று அதற்கான முன்மொழிவிலேயே கணக்குக் காட்டியிருக்கிறார்கள்.

கடிகாரத்தைக் கேட்பதற்கும் நேரம் ஆகிறது. பெர்ஃப்_கவுண்டரை ஒரு முறை அழைக்கப் பல பத்து நானோவிநாடிகள் போகும். இரண்டு எண்களைக் கூட்டுவதற்கு அதைவிடக் குறைவாகவே ஆகும். ஆகவே சிறிய வேலைகளைத் தனியாக அளக்க முடியாது. பல ஆயிரம் முறை ஓடவிட்டு மொத்தத்தை வகுக்க வேண்டும். பைத்தானோடு வரும் டைம்இட் அதைத்தான் செய்கிறது. கட்டளை வரியிலிருந்து ஓட்டினால் 1, 2, 5, 10, 20, 50 என்று எண்ணிக்கையை உயர்த்திக்கொண்டே போய், மொத்த நேரம் 0.2 விநாடியைத் தொடும் அளவைத் தானே தேர்ந்தெடுக்கும். அளக்கும்போது நினைவகத்தைச் சுத்தம் செய்யும் குப்பை சேகரிப்பை நிறுத்தி வைக்கும். ஏராளமான பொருள்களை உருவாக்கும் நிரல் என்றால், உண்மை வாழ்க்கையில் அந்தச் சேகரிப்பும் ஓடும் என்பதை மறந்துவிடக் கூடாது.

டைம்இட்டைக் கற்றுக்கொடுத்த பிறகுதான் வகுப்பு உண்மையில் சூடுபிடிக்கிறது. ஏனென்றால் கடிகாரம் சரியாகிவிட்டது, ஆனாலும் விடை பொய்யாகவே வரும்.

ஆலைக்கு வரும் லாரிகளின் எடைச் சீட்டுகள் போல ஒரு லட்சம் எண்களை உருவாக்கி, எடைவாரியாக வரிசைப்படுத்த எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கச் சொல்வேன். பெரும்பாலானோர் பட்டியலை டைம்இட்டின் ஆயத்தப் பகுதியில் உருவாக்கிவிட்டு, அளக்கும் பகுதியில் வரிசைப்படுத்தும் கட்டளையான சார்ட் என்பதை எழுதுவார்கள். நம்ப முடியாத வேகம் வரும். “பைத்தான் மெதுவான மொழி என்று எல்லோரும் சொல்கிறார்களே சார், இவ்வளவு வேகமாக இருக்கிறது?” என்று ஒரு மாணவி கேட்டாள். பட்டியலை இப்போது அச்சிட்டுப் பார், அம்மா என்றேன். சார்ட் அந்தப் பட்டியலையே மாற்றி அடுக்கிவிடும். முதல் முறைதான் கலைந்த பட்டியல்; இரண்டாவது முறையிலிருந்து ஏற்கெனவே அடுக்கிய பட்டியலை மீண்டும் மீண்டும் அடுக்கச் சொல்கிறோம்.

டிம் பீட்டர்ஸ் 2002-இல் பைத்தானுக்காக எழுதிய டிம்சார்ட் முறை, ஏற்கெனவே வரிசையாக இருக்கும் பகுதிகளைக் கண்டுபிடித்து அப்படியே பயன்படுத்திக்கொள்ளும். முழுவதும் வரிசையில் இருக்கும் ஒரு லட்சம் எண்களுக்கு அது செய்வது 99,999 ஒப்பீடுகள். அடுத்தடுத்த இரண்டை ஒரு முறை பார்த்துக்கொண்டே போனால் முடிந்தது. கலைந்து கிடக்கும் ஒரு லட்சத்துக்குச் சுமார் 15 லட்சம் ஒப்பீடுகள் வேண்டும். இரண்டும் ஒரே வேலை இல்லை. சார்ட்டுக்குப் பதிலாக, புதிய பட்டியலைத் தரும் சார்ட்டட் என்பதைப் பயன்படுத்தினால் மூலப்பட்டியல் கலையாமல் இருக்கும். அல்லது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே ஒரு முறை ஓடவிட்டு, சுற்றுகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். ஆயத்தப் பகுதி ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஓடுவதால் பட்டியல் அங்கே புதிதாகக் கலைக்கப்படும். அந்த மாணவி அடுத்த வாரம் இரண்டு அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ஒப்பீடுகளையும் எண்ணிக் கொண்டுவந்திருந்தாள். ஒப்பிடும் விதத்தைத் தானே வரையறுத்து, உள்ளே ஓர் எண்ணி வைத்திருந்தாள். எனக்கு அன்றைக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரியது.

இதே வகையில் இன்னும் சில. மேப் என்ற செயற்கூறைக் கொண்டு ஒரு பெரிய பட்டியலை மாற்றினால் மைக்ரோவிநாடிகூட ஆகாது. ஏனென்றால் யாராவது மதிப்பைக் கேட்கும்வரை அது வேலையையே தொடங்குவதில்லை. முடிவைப் பட்டியலாக்கிப் பார்த்தால்தான் உண்மை நேரம் தெரியும். நேரடியாக இரண்டு எண்களைப் பெருக்கும் வரியை அளந்தால், பைத்தான் அதை ஓடுவதற்கு முன்பே பெருக்கி விடையை எழுதி வைத்துவிட்டிருக்கும். கோப்பை முதல் முறை படிப்பது வட்டிலிருந்து. அடுத்த முறை பெரும்பாலும் நினைவகத்திலிருந்து.

அடுத்தது வெப்பம். எங்கள் வகுப்பு ஒரு கடைவீட்டின் மாடியில் நடக்கிறது. தகரக் கூரை, மின்விசிறி, மதிய வெயில். பிராசஸர் சூடு ஏறினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையில் அளந்ததும் மதியம் அளந்ததும் ஒன்றாக இருக்காது. மின்கம்பியைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டினாலும் வேகம் மாறும். இதில் ஒரு நுணுக்கம்: இரண்டு வழிகளை ஒப்பிடும்போது முதல் வழியை முழுதாக அளந்து முடித்துவிட்டு இரண்டாவதுக்குப் போனால், இரண்டாவதற்குச் சூடான கணினிதான் கிடைக்கும். அதனால் ஒன்று மாற்றி ஒன்றாக அளக்கச் சொல்கிறேன். குளிரூட்டிய அறையில் புதுக் கணினியோடு பழகுகிறவர்களுக்கு இந்த ஆட்டங்கள் கண்ணில் படாமலே போகலாம். அளக்கக் கற்றுக்கொள்ள எங்கள் அறை நல்ல இடம் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

கண்ணுக்குத் தெரியாத காரணங்களும் உண்டு. டாட் மிட்கோவிச்சும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2009-இல் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். யூனிக்ஸ் கணினியில் சூழல் மாறிகள், அதாவது பயனர் பெயர் போல இயங்குதளம் நிரலுக்குத் தரும் விவரங்கள், பிடிக்கும் இடத்தின் அளவு மாறினாலே ஒரே நிரலின் வேகம் மாறுகிறது. மேம்பாடு செய்தது பலித்ததா இல்லையா என்ற முடிவே அதனால் தலைகீழாகலாம். பயனரின் பெயர் நீளமாக இருப்பதுகூடச் சூழல் மாறிகளின் அளவை மாற்றும்.

இத்தனை ஆட்டத்துக்கு நடுவில் எந்த எண்ணை எடுத்துக்கொள்வது? பைத்தான் ஆவணம் குறைந்தபட்ச எண்ணைப் பார்க்கச் சொல்கிறது. கூடுதலாக வரும் நேரமெல்லாம் பெரும்பாலும் பிற நிரல்கள் குறுக்கிட்டதால் வருவது, நிரலின் குற்றம் இல்லை என்பது அதன் வாதம். விக்டர் ஸ்டின்னர் உருவாக்கிய பைபெர்ஃப் கருவி அப்படிச் செய்வதில்லை. பைத்தானைப் பல முறை புதிதாகத் தொடங்கி அளந்து, சராசரியையும் திட்ட விலக்கத்தையும் சொல்கிறது. பைத்தான் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் எழுத்துச் சரங்களைத் தேட உதவும் ஹேஷ் மதிப்பும் நினைவக அமைப்பும் மாறுகின்றன. ஒரே ஓட்டத்தின் குறைந்தபட்சம் அந்த ஓட்டத்தின் அதிர்ஷ்டத்தைத்தான் காட்டும் என்பதே அதற்குக் காரணம். என் முடிவு இது: எண்களை மட்டும் வைத்து ஓடும் சிறு கணக்கில் இரண்டு வழிகளை ஒப்பிடக் குறைந்தபட்சம் போதும். ஹேஷ் மதிப்பைக் கொண்டு தேடும் அமைப்புகளான அகராதியும் கணமும் நிறையப் புழங்கும் நிரல் என்றால் பைபெர்ஃப் சொல்வதை நம்புவேன். மனிதர் ஒருவர் காத்திருக்கிறார் என்றால் இரண்டுமே உதவாது.

அந்த மூன்றாவதை நான் கற்றுக்கொண்டது ஒரு தோட்ட அலுவலகத்தில். அங்கே கிராணி, அதாவது தோட்ட எழுத்தர், செக்ரோல் என்னும் தொழிலாளர் வருகைக் கணக்கையும் லாரி எடைகளையும் சேர்க்க நான் எழுதிக்கொடுத்த நிரல் ஒன்று ஓடுகிறது. “சில நேரம் பொத்தானை அழுத்திவிட்டுப் போய்ப் பசியாறிவிட்டே வந்துவிடலாம், தம்பி” என்றார் அவர். குறைந்தபட்சமும் சராசரியும் அவருக்கு எதையும் சொல்லாது. அவர் சொல்வது அந்தச் ‘சில நேரம்’ பற்றி. பிராசஸ்_டைமும் இங்கே ஏமாற்றும். வட்டுக்காகவோ வலையமைப்புக்காகவோ நிரல் சும்மா காத்திருக்கும் நேரத்தை அது எண்ணாது. கிராணியோ அதையும் சேர்த்துத்தான் காத்திருக்கிறார். அதனால் பொத்தானை அழுத்தியதிலிருந்து அறிக்கை திரையில் வரும்வரை பெர்ஃப்_கவுண்டரால் அளந்து, ஒவ்வொரு அளவையும் ஒரு பதிவேட்டில் எழுத வைத்தேன். பக்கத்திலேயே டைம்.டைம் தந்த நேரத்தையும் எழுத வைத்தேன். எவ்வளவு நேரம் என்பதற்கு ஒரு கடிகாரம், எப்போது என்பதற்கு இன்னொன்று.

பதிவேட்டை நேரவாரியாக அடுக்கியதும் மெதுவான அளவுகள் இரண்டு இடங்களில் குவிந்திருந்தன. ஒரு கூட்டம் காலையில், காலை ஆள் கணக்கெடுப்பான பெரட்டு முடிந்து கிராணி வந்து உட்காரும் வேளையில். அப்போதுதான் வைரஸ் தடுப்பு நிரல் வட்டு முழுவதையும் அலசிக்கொண்டிருந்தது. அதை மதிய ஓய்வு நேரத்துக்கு மாற்றச் சொன்னோம், அந்தக் கூட்டம் கலைந்துவிட்டது. மற்றது மாதக் கடைசி வாரத்தில். அங்கே காரணம் நிரலுக்குள்தான் இருக்கிறது. ஒவ்வொரு எடைச் சீட்டும் ஏற்கெனவே பதிவாகிவிட்டதா என்று பட்டியலில் ஒவ்வொன்றாகத் தேடும் வரி அது. மாதம் வளர வளரப் பட்டியலும் வளர்கிறது. பட்டியலைக் கணமாக மாற்றினால் தேடுவதற்கு ஆகும் நேரம் சீட்டுகளின் எண்ணிக்கையைச் சார்ந்திருக்காது. அந்த வரியைச் சார்ட் ஒப்பீடுகளை எண்ணிக் கொண்டுவந்த மாணவியிடம் கொடுத்திருக்கிறேன். மாற்றுவதற்கு முன்னும் பின்னும், மாதத் தொடக்க அளவிலும் மாதக் கடைசி அளவிலும், எந்தக் கணினி, எந்தப் பதிப்பு, மின்கம்பியில் இருந்ததா என்ற விவரங்களோடு அளந்து கொண்டுவருவாள்.